ரசல் தடுத்த பந்துகள்

பிளாக்ஹவுஸ் பே
12.7.1986

அன்புள்ள அப்பாவுக்கு,

இவ்வளவு நேரஞ்சென்று எழுதுவதற்கு மன்னியுங்கள். பிள்ளை இப்போதுதான் உறங்கினாள். நாங்கள் சுகம். உங்கள் இருமல் எப்படி?

ஞாயிற்றுக்கிழமை இங்கே ஒரே சண்டை. கூடைப்பந்து நெட்டையர்களில் எக்காலத்துக்கும் வல்லவர் யார் என்று உங்கள் மருமகனும் பக்கத்து வீட்டு நவரத்தினம் அண்ணையும் பிடித்துக்கொண்டார்கள்.

"ஜபாரைவிடக் கூடப் புள்ளி எடுத்தவன் ஆர்? சொல்லுங்கோ!" என்றார் இவர்.

"போம் ஐசே! ரசல் பதினொரு முறை கிண்ணம் தூக்கினவன்."

பிள்ளை எழும்பி அழுதாள். கடைசியில் என்னைத் தீர்ப்புக் கேட்டார்கள். ரசல் என்றேன். அவர் தடுத்த பந்துகளை அந்நாளில் எவரும் எண்ணி எழுதவில்லை என்று பள்ளி மைதானத்தில் பந்து பழக்கும்போது நீங்கள் எங்களுக்குச் சொன்னது நினைவிருந்தது.

"வாத்தியாரின்ர மகளெல்லோ!" என்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்களையெல்லாம் வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, ஊரில் ஆமியின் ஷெல்லடிக்குள் நீங்கள் தனியே வீட்டைக் காத்து நிற்கிறீர்கள். அதையும் எவரும் எண்ணுவதில்லை.

ரசலும் ஒருநாள் களத்தை விட்டு இறங்கினவர்தானே, அப்பா. விசாவுக்கு உங்கள் படம் இரண்டு வேண்டும். பிள்ளைக்குக் கொஞ்சம் ஓமமும் அனுப்புங்கள்.

அவள் சிணுங்குகிறாள். வருவீர்களா என்று கெதியாகப் பதில் போடுங்கள்.

மகள்,
இமெல்டா