வெயிலில் ஓடிய வைப்பர்

செவ்வாய் இரவு, அல் குசைஸ்.

விளக்கை அணைக்காமல் எழுதுகிறேன், அக்கா மன்னிக்கட்டும். எழுதாவிட்டால் தூக்கம் வராது.

வேகக் கேமரா அருகில் வந்தால் கத்தும் ரேடார் டிடெக்டர் ஒன்றை அக்காவின் கணவர் காரில் பொருத்தியிருக்கிறார். இந்த வளைகுடா ஊரில் அது குற்றம். வைப்பருக்குப் போகும் வயரில் இணைத்துவிட்டதால், வைப்பர் ஓடினால்தான் அதற்கு உயிர் வருகிறது.

நாளை எனக்கு நேர்காணல். இன்று அந்த அலுவலகத்துக்கு வழி பார்க்கப் போனோம். வானத்தில் மேகமே இல்லை. வைப்பர் வறண்ட கண்ணாடியைக் கிறீச்சென்று தேய்த்தது. சிக்னலில் பக்கத்தில் வந்து நின்ற போலீஸ்காரர் வானத்தைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். அத்தான் டிடெக்டர் மேல் தொப்பியைக் கவிழ்த்தார். அது தொப்பிக்குள்ளிருந்தும் கத்தியது.

"வைப்பரை நிறுத்துங்க அத்தான்."

"சும்மா இரி பிள்ள. இப்ப நிறுத்துனாதான் சந்தேகப்படுவான்."

நல்லவேளை, பச்சை விழுந்தது.

"நீ சேலை கட்டி முடிக்க லேட்டாவும், நான் வேகமா போவணும். உனக்காகத்தான் மாட்டுனேன்" என்றார். நாளை வழியில் பிடித்துவிட்டால் வேலை போச்சு, விசா முடிந்து ஊருக்குத்தான் போக வேண்டும்.

காலையில் காபி கொடுக்கும்போது எப்படியாவது கேட்டுவிட வேண்டும்: "அத்தான், நான் ஆறு மணிக்கே சேலை கட்டி நிக்கேன். அதைக் கழட்டிருங்க, மெதுவாவே போவோம்."