தாயி தூங்கும் மாதம்

இலையுதிர் மாதம், 26

கோழிகளைக் கீழூருக்கு அனுப்பியாயிற்று. சேவலை மட்டும் அத்தை குழம்பு வைத்துவிட்டாள். "கீழ போயி எவன் வீட்டுக் கூரையிலயோ கூவுறதுக்கு, நம்ம வயித்துக்குள்ளயே கூவட்டும்" என்றாள். ஆட்டு மணிகளுக்குள் நான் கம்பளி திணித்தேன். கதவுக் கீல்களுக்கு வெண்ணெய் தடவினேன். என் வீட்டுக்காரர் தோரன் கோடரியைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டார்.

எல்லாம் அடங்கிவிட்டது. இலூ மட்டும் பாக்கி. நாலு மாதக் குழந்தைக்கு எதைத் திணிப்பது, எங்கே வெண்ணெய் தடவுவது?

உறக்க மாதம், 1

விடிந்ததும் ஊரே ஹெம்ரா மலையைப் பார்த்துப் பனியில் விழுந்து கும்பிட்டது. தாயி கண்ணை மூடிவிட்டாள். இனி அவள் விழிக்கும்வரை கைப்பேச்சுதான், மிஞ்சினால் குசுகுசுப்பு. தூக்கம் கலைந்து அவள் புரண்டால் சரிவில் கிடக்கும் பனி மொத்தமும் ஊர்மேல் வந்துவிடும். தோரனின் அக்கா அப்படித்தான் போனார். யாரோ கல்யாணத்தில் கொம்பு ஊதிய வருடம் அது. அத்தை அதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

வாழ்க்கைப்பட்டு வந்த முதல் குளிர்காலத்தில் இந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. மாமியார் திட்டினால் காதில் விழாது. இந்த வருடம் மடியில் இலூ.

உறக்க மாதம், 3

சாயங்காலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கொஞ்ச நேரம்தான். அதற்குள் செவியர் ரூமெல் வந்துவிட்டாள். சரிவின் அடியில் நட்ட கம்பத்தில் காதை வைத்து நாளெல்லாம் தாயியின் மூச்சைக் கேட்பவள் அவள். அந்தக் காதுக்கு எங்கள் வீடு தூரமா என்ன?

வாசல் நிலையில் சாம்பல் நிறக் கயிறு ஒன்றைக் கட்டினாள். "மூணாவது கயிறு விழாமப் பாத்துக்க, சேவின். விழுந்தா பனி உருகுறவரைக்கும் புள்ள கீழ்மனைக்குப் போகணும். பயப்படாத, பால் குடுக்க அங்க ஆளிருக்கு."

பால்தான் எல்லாமா?

அவள் போனதும் அத்தை என்னைப் பார்த்து, "இவனையுந்தான் அனுப்பினோம். செத்தா போனான்?" என்றாள். தோரன் தலையைக் குனிந்துகொண்டார். இன்றுவரை அவர் அத்தையை அம்மா என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "வீட்ல பெரியவங்க" என்பார், அவ்வளவுதான்.

என் மகள் என்னை என்னவென்று சொல்வாள்?

உறக்க மாதம், 7

இரண்டாவது கயிறு.

அத்தை ஒரு சின்னக் குப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். உறக்கப்பூவின் பால். "ஒரு சொட்டு நாக்குல வையி. எல்லா வீட்லயும் குடுக்குறதுதான். உங்க கல்லூரியில சொல்லித் தரலியா?"

கல்லூரியில் வேறு சொல்லித் தந்தார்கள். குரலால் பனி சரியாது. எடையும் வெயிலும் காற்றும்தான் சரிக்கும் என்று பரீட்சையில் எழுதினேன், முதல் மதிப்பெண் வாங்கினேன். ஆனால் இலூ வாயைத் திறந்ததும் என் உள்ளங்கைதான் முதலில் போய் அதை மூடுகிறது. படித்தது எங்கே போகிறது அந்த நேரத்தில்?

ஒரு சொட்டு வைத்தேன்.

உறக்க மாதம், 8

தூங்கினாள். நானும்.

உறக்க மாதம், 11

தூங்குகிறாள், தூங்குகிறாள். பால் குடிக்கவே மறந்துபோகிறாள். எனக்கு மார்பு கட்டிக்கொண்டு வலிக்கிறது. இவ்வளவு தூங்கலாமா என்று அத்தையிடம் கேட்க வாயைத் திறந்தேன். உதட்டில் விரலை வைத்தாள். சரி, நாளைக்குக் கேட்கலாம்.

உறக்க மாதம், 12

எழுதித்தான் ஆகணும்.

மதியம் பால் குடுக்க எடுத்தேன். தலை பின்னால தொங்குச்சு. உதடெல்லாம் சாம்பல் பூத்த மாதிரி. மூச்சு இருக்கு — இல்ல — இருக்கு. உள்ளங்கால்ல பனிய வச்சுத் தேச்சேன். அசையல. தோரன் ஓடிவந்தார். நான் ஒரு விரலக் காட்டினேன், காலைல நான் வச்சது ஒரு சொட்டு. அவர் முகம் மாறிப்போச்சு. அவரும் ஒரு விரலக் காட்டினார். விடியறப்ப சிணுங்கினாளாம், என்னை எழுப்ப வேணாம்னு நினைச்சாராம். ரெண்டு பேரும் அத்தையப் பாத்தோம்.

ரெண்டு விரல்.

ஒரே வீட்டுல மூணு பேர். ஒருத்தருக்கொருத்தர் ஒரு வார்த்தை சொல்லிக்கல. சொன்னா தாயி முழிச்சுக்குவாளே!

"இலூ!"ன்னு கத்தினேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியல. தோரன் என் வாயைப் பொத்த வந்தார், கை பாதியில நின்னுடுச்சு. நான் மறுபடி கத்தினேன். குழந்தை கண்ணத் திறக்கல.

அப்ப அத்தை செம்புப் பானைய இறக்கினா. அடுப்புக் கம்பிய எடுத்து, தொட்டில் பக்கத்துல உக்காந்து அடிச்சா. சொந்தப் பொண்ணப் பனிக்குக் குடுத்தவ. கண்ண இறுக்கி மூடிக்கிட்டு அடிச்சா. "கத்துடி! என் தங்கமே, ஊரே கேக்கட்டும், கத்து!"

இலூவின் புருவம் சுருங்கியது. ஒரு முனகல். பிறகு அழுதாள்.

நாங்கள் மூவரும் அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். உத்திரம் ஒரு முறை கிறீச்சிட்டது. இறவாணத்திலிருந்து ஒரு கட்டிப் பனி வாசலில் பொத்தென்று விழுந்தது.

அவ்வளவுதான்.

இருட்டும்வரை மாற்றி மாற்றித் தோளில் போட்டு நடந்தோம், அவளைத் தூங்கவிடாமல். இப்போது தானாகப் பால் குடித்துவிட்டுத் தூங்குகிறாள். மூக்கின் கீழ் என் விரல்.

உறக்க மாதம், 13

ரூமெல் கயிற்றோடு வந்தாள். அத்தை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"பானைய அடிச்சது நானு. என்னக் கூட்டிட்டுப் போ கீழ்மனைக்கு. பால் குடுக்க ஆளிருக்குதாமே?"

"குன்யாக்கா, வெளையாடாதீங்க. தாயி—"

"தாயி புரண்டாளா?"

ரூமெல் சரிவைத் திரும்பிப் பார்த்தாள். "கம்பத்துலதான் காத வச்சிருந்தேன். நீங்க அடிக்க அடிக்க எனக்கு உசுரு போயி போயி வந்துச்சு. மூச்சு மாறல." கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே, "நாளைக்கும் மாறாதுன்னு நான் சொல்ல முடியாதுக்கா" என்றாள்.

"சொல்லாத. புள்ள செத்திருந்தா பெத்தவகிட்ட என்னன்னு சொல்லியிருப்ப? அதச் சொல்லு."

ரூமெல் எட்டி இலூவைப் பார்த்தாள். கயிற்றை இடுப்பில் செருகிக்கொண்டாள். "ஊரு கேட்டா மறைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

உறக்க மாதம், 14

எதிர்வீட்டு ஜென்வி கொல்லைப்புறமாக வந்தாள். முதுகில் கைக்குழந்தை. எத்தனை சொட்டு என்று விரலால் கேட்டாள். நான்கு என்று காட்டினேன். அவள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது.

"இவன் அழுவறதே இல்ல. தங்கம்னு சொல்றாங்க எல்லாரும்."

"நீ எவ்வளவு குடுக்குற?"

முதுகுக் கட்டை இறுக்கிக்கொண்டாள். "நிறுத்தினா அழுவானே, சேவின்."

"அழுவான்."

மலைப்பக்கம் தாடையை அசைத்தாள். "அப்பறம்?"

படித்ததைச் சொல்லியிருக்கலாம். "தெரியலடி" என்றேன். என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

உறக்க மாதம், 17

ஊர் எங்களோடு பேசுவதில்லை. யாருமே பேசாத மாதத்தில் அது எப்படித் தெரியும் என்றால், தெரிகிறது.

காலையில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தபோது அழுகை கேட்டது. கரண்டியைப் போட்டுவிட்டுத் தொட்டிலுக்கு ஓடினேன். இலூ விழித்தபடி முஷ்டியைச் சப்பிக்கொண்டிருந்தாள். அழுகை வெளியிலிருந்து. கரகரவென்று, பழக்கமில்லாத குரல். நின்று நின்று, பிறகு நிற்காமல்.

அத்தை ஈரக் கையோடு வாசலுக்கு வந்தாள். இருவரும் ஹெம்ராவைப் பார்த்தோம். சரிவு நிறையப் பனி, கண் கூசும் வெள்ளை. கம்பத்தடியில் ரூமெல் காதை வைத்து உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"ஜென்வி வீடா?" அத்தை குசுகுசுக்கவில்லை, சாதாரணமாகவே கேட்டாள்.

"ஆமா, அத்தை."

சரிவிலிருந்து கண்ணை எடுக்காமல் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"நல்ல தொண்டை" என்றாள்.