வரி போடச் சொல்லி ஒரு சண்டை

கன்னிவாடி,
வைகாசி மாதம்.

அன்பு மகள் கீர்த்தனாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் நம் செவலைப் பசுவும் சுகம், நீயும் சுகம்தான் என்று நம்புகிறேன், அந்த இருமலை மட்டும் புனேயிலேயே எங்காவது தொலைத்துவிடு. போனில் சொல்லாமல் இதென்ன கடுதாசி என்று கேட்பாய். போனில் என்றால் பாதியில் மீட்டிங் இருக்கும்மா என்று வைத்துவிடுவாய், இதை நீ முழுசாகத் தெரிந்துகொள்ள வேண்டும், அதனால்தான் பருப்புப்பொடி டப்பாவோடு வைத்து அனுப்புகிறேன்.

காளியம்மன் திருவிழாவுக்கு வழக்கம்போலத் தலைக்கட்டு வரி போட்டார்கள். உன் அப்பா போன பிறகு நமக்கு அந்த வரி கிடையாது, தலைக்கட்டு என்றால் ஆண் இருக்கிற வீடுதான். வீட்டு வரி, குழாய் வரி எல்லாம் என் பெயரில் வாங்குகிறார்கள், ஓட்டுக் கேட்டு என்னிடம்தான் வருகிறார்கள், சாமிக்கு மட்டும் நாம் ஒரு வீடே இல்லை. கரகம் முதலில் எந்த வாசலில் நிற்பது என்று சீட்டுக் குலுக்குவார்களே, அந்தச் சொம்புக்குள் வரி கட்டிய வீடுகளின் பெயர்தான் போகும். போன வருஷம் இதைச் சொன்னதற்கு நீ, வரி இல்லேன்னா நல்லதுதானம்மா, அந்த ஊர்ல நமக்கு என்ன இருக்கு என்றாய். அந்தக் கடைசி வார்த்தை எனக்குத் தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது.

இந்த முறை ஊர்க்கூட்டத்துக்குப் போய், எங்க வீட்டுக்கும் வரி போடுங்க என்று எழுந்து நின்றேன். ஒரே சிரிப்பு. வரி வேணாம்னு சண்டை போடுறவனப் பாத்திருக்கோம், போடச் சொல்லி வந்தவள இன்னைக்குத்தான் பாக்குறோம் என்றான் மளிகைக்கடைப் பொன்னழகு. கோயில் நிர்வாகம் பார்க்கிற உன் சோலைமலைப் பெரியப்பா, ஏத்தா, ஆம்பளை இல்லாத வீட்டுல வாங்குனா ஊருக்குத்தான் பாவம், எரக்கப்பட்டுத்தானே விட்டுருக்கோம் என்றார். ஆனாலும் விடவில்லை. போன வருசம் மைக்செட்டுக்கு எம்மகளுக்குப் போன் போட்டு நன்கொடை வாங்குனீகளே மாமா, அப்ப ஆம்பளை இல்லாத வீடுன்னு தெரியலையா என்றேன். பின்னாலிருந்து பெருமாயி, அவளும் புருஷனை இழந்தவள்தானே, அப்ப எனக்கும் போட்டுருங்க என்றாள் பார், பெரியப்பா முகத்தைப் பார்க்க நீ இல்லாமல் போனாயே! தலையைச் சொறிந்துகொண்டே, யாரு பேருல எழுத என்று கேட்டார். புவனேஸ்வரி, மக கீர்த்தனா, ரெண்டு பேரையும் எழுதுங்க என்றேன். மகன்கள் பெயரை எழுதுகிற மாதிரியே எழுதினார். பெருமை தாங்காமல் வீட்டுக்கு வந்து பசுவிடம் சொன்னேன், வேறு யார் இருக்கிறார்கள்.

உன்னை ஊருக்கு இழுக்க இதை எழுதவில்லை. வருவதும் வராததும் உன் இஷ்டம், அந்தச் சுதந்திரம் உனக்கு வேண்டும் என்றுதான் மல்லிகை பறித்துப் படிக்க வைத்தேன். நமக்கு அங்கே என்ன இருக்கு என்று மட்டும் இனிமேல் கேட்காதே.

சீட்டு நமக்கு விழுந்ததா என்று கேட்பாய். விழவில்லை, பொன்னழகு வீட்டுக்கு விழுந்தது, அவன் வாசலில் கரகம் நின்றபோது எல்லாரையும் விட நான்தான் உரக்கக் குலவை போட்டேன். இத்தனை வருஷம் நமக்கு அதிர்ஷ்டம் இல்லை என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லாமல் இருந்தோம். இந்த வருஷம் ஊரில் மற்றவர்களைப் போல நமக்கும் அதிர்ஷ்டம் இல்லை, அவ்வளவுதான்.

ஹெல்மெட் போடாமல் வண்டியை எடுக்காதே, டப்பாவைத் தொலைத்துவிடாதே. காளியம்மன் உன் கூடவே நிற்பாள், நன்றாக இரு என் தங்கமே.

இப்படிக்கு,
தலைக்கட்டு புவனேஸ்வரி,
உன் அம்மா.