நெசவாலை எம்.பி.யின் இரண்டாம் பாதி

12 ஜூன் 1989, திங்கள்
வெயில். அம்பத்தூர் எஸ்டேட், அண்ணன் வேலை பார்க்கும் கம்பெனியில் ஸ்டிரைக் தொடர்கிறது. சங்கச் செயலாளர் நடராசன் கூப்பிட்டார். வியாழன் கேட் மீட்டிங்கில் நான் பேச வேண்டுமாம். பி.ஏ. படித்துவிட்டுச் சும்மா இருப்பவன் வேறு யார்? பொருள்: இந்த நூற்றாண்டுத் தொடக்கத்துப் பிரிட்டிஷ் எம்.பி. ஒருவர். நெசவாலைக் கூலி, பிறகு சங்கம், பிறகு பார்லிமெண்ட்.
"நம்ம ஆளும் டெல்லி போலாம்னு ஜனங்களுக்குத் தெரியணும் நைனா."
நம்ம ஆள் என்றால் இவர்தான். வரும் எம்.பி. தேர்தலுக்குக் கட்சியில் சீட் கேட்டிருக்கிறார்.

13, செவ்வாய்
கொரட்டூர் நூலகம். ஃபேன் ஓடவில்லை. எம்.பி.யின் வாழ்க்கையைச் சொல்லும் ஒரே ஒரு புத்தகம் கிடைத்தது. முதல் பாதி: மறியல், சிறை, தேர்தல் வெற்றி. காலர் இல்லாத சட்டையோடு சபைக்குள் போனாராம். இரண்டாம் பாதி: யுத்தத்துக்கு ஓட்டு. மந்திரி. சுரங்கத் தொழிலாளர் ஸ்டிரைக்கில் அரசாங்கம் பக்கம். கடைசியில் பிரபு பட்டம்.
பல் தேய்க்கப் பேஸ்ட் வாங்க வேண்டும்.

14, புதன்
மேகமூட்டம். எம்.பி. படம் கிடைக்காததால் பெயிண்டர் மாரி, பேனரில் நடராசன் முகத்தையே வரைந்து தொப்பி வைத்துவிட்டான்.
"இவரு மூஞ்சிதான் மாமே கைல பழக்கம். கலரு மட்டும் கொஞ்சம் ஏத்திக்கினேன்."
நடராசனுக்கு ஏகச் சந்தோஷம். தனியாக அழைத்துச் சொன்னார்: "செயிச்ச வரிக்கும் பேசு. அப்பால வேணாம். டிஸ்மிஸ் ஆன ஆறு பேருல உங்கண்ணன் கீறான். யாரைத் திருப்பி எடுக்கணும்னு மொதலாளி என்னியத்தான் கேப்பாரு."
அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் வேலைக்குப் பயந்து என் வாயைக் கட்டிவிடுவான்.

15, வியாழன்
கேட். ஸ்டிரைக்கிலும் ஷிப்ட் மாறும் நேரத்து வழக்கம்போல எல்லோரும் நின்றபடியே. வெற்றி வரை பேசி நிறுத்தினேன். கைதட்டல். நடராசன் மைக்குக்குக் கை நீட்டினார்.
கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "செயிச்சுட்டு இன்னாடா பண்ணான்? அத்தச் சொல்லு!"
அண்ணன் குரல்.
சொன்னேன். யுத்தம், மந்திரி, சுரங்கம், பட்டம். ஒன்றையும் விடவில்லை. எல்லோரும் பேனரை நிமிர்ந்து பார்த்தார்கள்.
"அண்ணாத்தே, உனுக்கு இன்னா பட்டம்?" என்றான் ஒருவன், நடராசனைப் பார்த்து. ஒரே சிரிப்பு. நடராசனும் சிரித்தார். என் பக்கம் திரும்பவில்லை.

17, சனி
ஒப்பந்தம் முடிந்தது. ஐந்து பேருக்கு வேலை. அண்ணனுக்கு இல்லை. நடராசன் போட்ட நிபந்தனையை இப்போதுதான் அவனிடம் சொன்னேன். திட்டுவான் என்று காத்திருந்தேன். சாப்பிட்டுக் கை கழுவியபின் கேட்டான்:
"அந்த சுரங்கத்து ஆளுங்கள திருப்பி வேலைக்கு எடுத்தாங்களாடா?"
புத்தகத்தில் அது இல்லை.