அப்பிள் தோல்

ஒக்டோபர் 12, சனி

தமிழ்ப் பள்ளியில் பேச்சுப்போட்டி. லக்சிகாவுக்கு இந்த முறையும் முதலிடம். கெல்சென்கிர்ச்சன் மண்டபமே கைதட்டியது. பதினாறு வயதுப் பிள்ளை, மூச்சுவிடாமல் அத்தனை செந்தமிழ்! திரும்பும்போது காரில் இவர், "பசிக்குதோ பிள்ளை?" என்றார். அவள் டொச்சில், ஜெர்மன் மொழியில், பதில் சொன்னாள். தகப்பன் தமிழில் கேட்பார், மகள் டொச்சில் சொல்வாள். எங்கள் வீட்டில் வருடக்கணக்காக இப்படித்தான்.

ஏட்டுச் சுரைக்காய். ஆனாலும் கோப்பையை அலுமாரியில் முன்னுக்கு வைத்தேன்.

ஒக்டோபர் 20

பொன் நகரப் பல்கலைக்கழகத்திலிருந்து சுகன்யாதேவி என்ற ஆராய்ச்சி மாணவி வந்தாள். இந்தியப் பிள்ளை. இங்கே வளரும் பிள்ளைகளுக்குத் தமிழ் இலக்கணம் எப்படி வருகிறது என்று பார்க்கிறாளாம். படங்களைக் காட்டி லக்சிகாவைக் கதை சொல்ல வைத்தாள். பிள்ளை வியர்த்துப்போனாள். கின்டர்கார்டன் வயதோடு நின்றுவிட்ட சின்னச் சின்ன வசனங்கள்.

"அவ தப்பா கத்துக்கல அக்கா. சின்ன வயசுல வீட்ல கேட்டது நல்லா உட்கார்ந்திருக்கு. ஸ்கூல் போனப்புறம் வளர வேண்டிய மீதி கிராமர் ஜெர்மன்ல வளர்ந்துடுச்சு."

சொந்தக்காரர் அவளின் பிழைகளுக்குச் சிரித்துச் சிரித்து, இருந்ததையும் பேசவிடாமல் பண்ணினதை யார் ஆராய்வது?

நவம்பர் 4

இவருக்குப் பாரிசவாதம். ஒரு பக்கம் விழுந்து, பேச்சும் போய், ஆஸ்பத்திரியில். கடவுளே.

நவம்பர் 9

பேச்சு வந்துவிட்டது. தமிழ் மட்டும். இத்தனை காலம் வேலைத்தலத்தில் பேசிய டொச் ஒரு சொல்லும் இல்லை, விளங்கவும் இல்லை. சிலருக்கு இப்படி ஆகுமாம், டாக்டர் சொன்னார். லக்சிகா கட்டிலடியில் நின்று டொச்சில் என்னவோ சொல்ல, யாரோ பெட்டையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அவள் வெளியே ஓடிவிட்டாள். இப்ப நான் என்ன செய்யிறது? ஆருக்கெண்டு அழுறது?

நவம்பர் 17

லக்சிகா ஆஸ்பத்திரிக்கு அப்பிள் வெட்டிக்கொண்டு போனாள். "அப்பா, ஆ காட்டுங்கோ." காட்டினார். "நோகுதோ? படுங்கோ. நான் நாளைக்கும் வந்தனான்."

"ஓம், வா குஞ்சு," என்றார்.

நோயாளிக்கு வேறென்ன தமிழ் வேண்டும்? அவள் சின்னதாய் இருக்க, வாயில் சோறு தீத்தும்போது அவர் கொடுத்த தமிழ்தானே.

டிசம்பர் 1

விடியப் போய்விட்டார்.

டிசம்பர் 5

இவருடைய தம்பி ஐங்கரன் இரங்கல் உரை எழுதிக்கொண்டு வந்தார், லக்சிகா பேசுவதற்கு. "சொந்தமாப் பேசினால் பிழை விடுவாள் அண்ணி. செத்தவீட்டிலயும் சனம் சிரிக்கும்."

"நான் கொஞ்சமா சொல்லட்டா, சித்தப்பா?"

"ஏலாது பிள்ளை. அப்பாவின்ர மரியாதை எல்லே."

நான் தேத்தண்ணி போடப் போனேன். போட்டிக்குச் செய்வதுபோலவே அவர் வாசிக்க வாசிக்க டொச் எழுத்தில் எழுதிப் பாடமாக்கினாள்.

டிசம்பர் 10

தகனம் முடிந்தது. அவளுக்கு ஒரு சொல் தடக்கவில்லை. சனம் கண்ணைத் துடைத்தது. கைதட்டாதது ஒன்றுதான் குறை.

வீட்டுக்கு வந்து, கறுப்பு ஜக்கெட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்: "அம்மா, நான் அங்க என்ன சொன்னனான்?"

வரி வரியாகச் சொன்னேன். பண்பின் சிகரம், வற்றாத ஊற்று, கலங்கரை விளக்கம்... விளங்காததை டொச்சில் சொன்னேன். முழுதும் கேட்டாள்.

"அது அப்பா இல்லை."

ஜக்கெட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டாள். பிறகு, "அப்பா அப்பிள் வெட்டும். தோல் எனக்கு விருப்பம் இல்லை. தோல் அப்பா சாப்பிடும்," என்றாள்.

நான் திருத்தவில்லை. எழும்பிப்போய் ஒரு அப்பிளைச் சீவிக் கொண்டுவந்தேன். துண்டுகளை என் பக்கம் தள்ளிவிட்டு, தோலை அவள் சாப்பிட்டாள்.