மழுங்காத ஊசி

அன்புள்ள அப்பாவுக்கு,

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னியுங்கள். நிலா இப்போதுதான் தூங்கினாள். என் வீட்டுக்காரருக்கு நைட் ஷிஃப்ட். உங்களிடம் ஒன்று கேட்காமல் எனக்குத் தூக்கம் வராது.

நீங்கள் எங்களை விட்டுப் போய் இன்று ஆறாம் நாள். முந்தாநாள் நிலா தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தாள். ராத்திரி மூன்று தடவை பாத்ரூம். நாலு வயதுக் குழந்தைக்குச் சர்க்கரை வருமா? பயத்தில் நீங்கள் சர்க்கரை பார்க்கும் மெஷினை எடுத்தேன். அவள் கையைக் கழுவித் துடைத்து, புது ஸ்ட்ரிப் போட்டு, ரத்தச் சொட்டு எடுக்கும் உங்கள் ஊசிப் பேனாவை விரலில் வைத்து அழுத்தினேன். தொண்ணூற்று நாலு. அப்பாடா என்று உட்கார்ந்தேன்.

அம்மா கதவோரம் நின்றிருந்தாள். "உள்ள ஊசி மாத்துனியா?"

"உள்ளே பழசா இருக்கு?"

"ஒரு மாசமா அதேதான் கீது. கேட்டா, மழுங்கட்டும், மாத்திக்கலாம்னு சிரிப்பாரு."

ஃபேக்டரியில் டூல் தீட்டும் டூல் ரூமில் முப்பது வருஷம் இருந்தவர். மழுங்காத டூலைத் தூக்கிப்போட உங்களுக்கு மனசு வராது. ஆனால் அந்த ஊசி உங்களுக்கு மட்டுமா குத்தியது? ஞாயிற்றுக்கிழமை காலையில் வல்லம் வடகால் டீக்கடையில் மெஷினோடு உட்கார்ந்து ஊராருக்கெல்லாம் சர்க்கரை பார்ப்பீர்களே, எத்தனை விரல்கள்! "பெரிப்பா, எனக்கும் ஒரு குத்து. பொண்டாட்டி சக்கரையே கண்ல காட்ட மாட்றா." ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் போதும் என்று நினைத்தீர்கள். நானும்தான் பி.எஸ்சி. படித்தேன். அந்தக் கூட்டத்தைப் பார்த்துப் பெருமைப்பட்டேனே தவிர, ஊசியைப் பற்றிக் கேட்டேனா?

நேற்று டாக்டரிடம் காட்டினேன்; நிலாவுக்குச் சர்க்கரை இல்லை, சிறுநீரில் கிருமியாம். ஊசி விஷயத்தைச் சொன்னதும் டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். "தடுப்பூசி எல்லாம் போட்டிருக்கீங்க, பயம் கம்மிதான். ஆனா தடுப்பூசியே இல்லாத மஞ்சக்காமாலை மாதிரி சிலது ரத்தம் வழியா ஒட்டும். கடைசியா யாருக்குக் குத்தினது?" ரத்தம் எடுத்திருக்கிறார். சில வாரம் கழித்து மறுபடியும் எடுக்க வேண்டுமாம்.

யாருக்கு அப்பா? போன ஞாயிறு, நீங்கள் போவதற்கு முதல் நாள், கடைசியாக விரல் நீட்டியது யார்?

டீக்கடை வாட்ஸப் குழுவில் கேட்கப்போகிறேன் என்றேன். அம்மா கொதித்துவிட்டாள். "பதினாறாவது நாள்கூட ஆவல. செத்த மனுசன் பேர நாறடிக்கிறியா?"

"அவங்க வூட்லயும் புள்ளைங்க இருக்குதும்மா."

அம்மா எழுந்து உள்ளே போனாள். உங்கள் போனைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். அந்தக் குழு அதில்தான் இருக்கிறது. உங்கள் நம்பரிலிருந்தே இந்தக் கடிதம் அந்தக் குழுவுக்குப் போகும்.

அம்மாவுக்கும் சர்க்கரை இருக்கிறதே, இனி அவளுக்குத் தனிப் பேனா வாங்குவேன். ஒவ்வொரு தடவையும் புது ஊசி. குத்தியது மூடி போட்ட கெட்டி டப்பாவுக்குள். உங்களைத் தப்பாகப் பேசவும் யாரையும் விடமாட்டேன். இது சத்தியம்.

அப்பாவிடம் விரல் நீட்டியவர்களே, நீங்களும் டாக்டரிடம் சொல்லி டெஸ்ட் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி ஆள் யார் என்று தெரிந்தால் எனக்குச் சீக்கிரம் பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகள், நிலாவின் அம்மா