கிளிப்பின் தலை எந்தப் பக்கம்

டிரசர்,

இன்று காலையிலிருந்து என் விரல்களில் இரும்பும் தேங்காயெண்ணெயும் கலந்த வாசனை. சோப்புப் போட்டும் போகவில்லை. இந்தத் தாளின் ஓரத்தில் கறுப்பாக ஒரு கட்டைவிரல் தடம் விழுந்திருக்கிறது. வேறு தாள் எடுக்க மனமில்லை.

டாக்டர் என்னைத் தினமும் கொஞ்சம் சைக்கிள் மிதிக்கச் சொல்லியிருக்கிறார். கொட்டகையில் மகனுடைய பழைய சைக்கிள் கிடந்தது. செயின் துருவேறி, மிதித்தால் முனகியது. கடையில் மசகு எண்ணெய் விற்கிறார்கள்தான். ஆனாலும் நாம் இருவரும் செய்தபடியே செய்து பார்க்க ஆசை வந்துவிட்டது. செயினின் இரு முனையையும் பிணைக்கிற கிளிப்பை நெம்பிக் கழற்றி, செயினை உருவி, சாம்பல் கரைத்த வெந்நீரில் ஊறப் போட்டேன். தேங்காய் நாரால் தேய்த்தேன். வெயிலில் காயவைத்து, கண்ணிக்கு ஒரு சொட்டாக எண்ணெய் விட்டேன். நானே பூட்டினேன். பிறகு காற்றடிக்கச் சுங்கைப் பட்டாணி கடைத்தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அங்கே நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அதற்கு முன்னால் பழையதைச் சொன்னால்தான் எனக்கு வரிசை பிடிபடும். வாத்தியார் புத்தி.

நீங்கள் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் புண் கட்டி மருந்து கொடுக்கும் டிரசர். யாழ்ப்பாணத்துக்காரர். நான் அதே தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியர், கல்யாணமாகி ஒரு வருடம். ஜப்பான்காரன் வந்த பிறகு தோட்டத்தில் மிஞ்சிய ஒரே சைக்கிள் உங்களுடையது. சுற்றிலும் ரப்பர் மரம், ஆனால் டயருக்கு ரப்பர் இல்லை. கிழிந்த டயரை நீங்கள் புண் தைக்கிற ஊசியால் தைத்து வைத்திருந்தீர்கள். ஓடுகிற சைக்கிளை எந்தச் சிப்பாய் கண்டாலும் ஏறிக்கொண்டு போய்விடுவான். அதனால் வேலை முடிந்ததும் செயினைக் கழற்றி என்னிடம் தருவீர்கள். நான் அதை பிஸ்கட் டின்னில் சுருட்டி வைத்து, மேலே நிப்பொங்கோ பாடப் புத்தகங்களை அடுக்கிவிடுவேன். ஜப்பானியப் பாடத்துக்கு அடியில் எவன் கை விடுவான்?

ஒரு நாள் சிப்பாய் ஒருவன் வந்து உங்கள் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தான். மிதித்தான். மிதிகட்டை காற்றாடிபோலச் சுற்றியது, வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. இறங்கி அதை ஓர் உதை உதைத்தான். நீங்கள் கைகட்டி நின்று, "ரோசாக், துவான். முழுக்க ரோசாக்" என்றீர்கள். கெட்டுப்போன வண்டிதான் என்று அவனும் நம்பிப் போனான். அவன் தலை மறைந்ததும் என் பக்கம் திரும்பி, "மாஸ்டர், ஒரு மருந்தும் குடுக்காமல் ஒரு நோயாளியைப் பிழைக்க வச்சிட்டம்" என்றீர்கள். இருவரும் வயிறு நோகச் சிரித்தோம்.

ஞாயிறுதோறும் செயினுக்குக் குளியல். ஆஸ்பத்திரியின் எனாமல் தட்டில் அதைப் போட்டு, முள் எடுக்கும் இடுக்கியால் கிளிப்பைக் கழற்றுவீர்கள். எண்ணெய் விட்டபின் துணியால் அழுத்தித் துடைக்கச் சொல்வீர்கள். "கொஞ்சம் பொறும் மாஸ்டர். எண்ணெய் உள்ளுக்கை இருக்க வேணும். வெளியிலை இருந்தால் மண்ணுக்குத்தான் சாப்பாடு." இந்த வரியைப் பின்னாளில் எத்தனையோ வகுப்பில் சொல்லியிருக்கிறேன். படித்தது உள்ளே இருக்க வேண்டும், வெளியே பூசிக்கொண்டால் அழுக்குத்தான் ஒட்டும் என்று.

பிறகு அந்த மலேரியாக் காலம் வந்தது. என் மனைவி சரசுவுக்கு அப்போது ஐந்தாம் மாதம். இரண்டு நாள் குளிர்க்காய்ச்சலில் கட்டிலே நடுங்கியது. ஆஸ்பத்திரியில் குவினைன் தீர்ந்துவிட்டது. மத்தியானம் வந்து அவள் நாடியைப் பிடித்துப் பார்த்தவர் வெளியே வந்து சொன்னீர்கள்: "டவுணிலை ஒருத்தரிட்ட இருக்கு. பொழுது படமுந்தி வந்திடுவன், பயப்படாதையும். நீர் செயினைப் பூட்டும், நான் சட்டை மாத்திக்கொண்டு ஓடி வாறன்."

அதுவரை பூட்டுவது உங்கள் வேலையாகவே இருந்தது. அன்றுதான் முதல்முதலாக நான் பூட்டினேன். கண்ணியின் இரண்டு முளைகளையும் நுழைத்து, தகட்டை வைத்து, அதன்மேல் கிளிப்பை அழுத்தினேன். 'டக்' என்று உட்கார்ந்தது. கை நடுங்கினாலும் சரியாகச் செய்துவிட்டதாக எனக்குள் ஒரு பெருமை. நீங்கள் குனிந்துகூடப் பார்க்காமல் ஏறிப் பறந்தீர்கள்.

பொழுது பட்டது. நீங்கள் வரவில்லை. இருட்டிய பின் பாதையில் யாரும் போகக்கூடாது என்பது அப்போதைய சட்டம். விடிவதற்குள் குழந்தை கலைந்துவிட்டது. விடிந்த பிறகுதான் வந்தீர்கள், முழங்கால் வரை செம்மண்ணோடு, குவினைன் போத்தலை மடியில் கட்டிக்கொண்டு.

சரசுவைப் பிழைக்க வைத்தது அந்தப் போத்தல்தான். அதை அன்று யார் நினைத்தார்கள்? கங்காணி மனைவி தொழிலாளர் குடியிருந்த லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்: "டிரசரய்யா டவுனுக்குப் போனாரா, கள்ளுக்கடைக்குப் போனாரா? புள்ளத்தாச்சி இங்க கெடக்கா, அவரு அங்க படுத்துட்டு வர்றாரு!" உங்கள் காதுபடவே சொன்னாள். நீங்கள் வாய் திறக்கவில்லை. நானும் கேட்டேன், டிரசர். கள்ளுக்கடை என்று சொல்லவில்லை. "கொஞ்சம் வெள்ளென வந்திருக்கலாமே" என்று மட்டும் கேட்டேன்.

"ஓம் மாஸ்டர், வந்திருக்கலாம்" என்றீர்கள்.

அடுத்த ஞாயிறு செயினைத் தட்டில் போட்டபோது கிளிப்பைக் காணோம். தகடும் இல்லை. அந்த இடத்தில், மரத்தில் பால் கோப்பையைத் தாங்கும் கம்பி இறுக்கி முறுக்கியிருந்தது. என்ன இது என்றேன். "கிளிப் கிழடாப் போச்சு" என்றீர்கள். எங்கிருந்தோ புதிது ஒன்று தேடிப் போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னீர்கள்: "இனிமேல் துடைக்கிறது உம்மடை வேலை, பூட்டுறது என்ரை வேலை." உங்கள் வண்டிமேல் உங்களுக்கு உள்ள கர்வம் என்று நினைத்துக்கொண்டேன். அதன்பின் இன்று காலை வரை நான் ஒரு செயினும் பூட்டியதில்லை. எனக்கென்று சைக்கிள் வந்தபோதும் நீங்கள்தான் பூட்டித் தந்தீர்கள். பிறகு மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது.

இன்று காலை காற்றடித்துக்கொண்டிருந்த கடைக்காரத் தம்பி சட்டென்று நிறுத்தினான். "சார், இந்தச் செயின யாரு மாட்டுனது?"

"நான்தான். ஏன் தம்பி?"

"கிளிப்பத் திருப்பிப் போட்டிருக்கீங்களே! பாருங்க, மீனு மாதிரி இருக்கா? இது தலை, இது வாலு. மேல ஓடுற செயின்ல தலை முன்னாடி பாக்கணும். எந்த மீனு சார் வாலக் காட்டிக்கிட்டு முன்னால நீந்தும்? ஒரு கல்லுல இடிச்சாப் போதும்லா, பிச்சுக்கிட்டுப் போயிரும். அப்புறம் ரோட்டுல தேட வேண்டியதுதான்."

அவன் சிரித்தான். நான் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

டவுனுக்குப் போகும் திகாம் பத்துச் சாலையில் எங்கோ அது தெறித்திருக்கிறது. நீங்கள் செம்மண்ணில் மண்டியிட்டுத் தேடியிருக்கிறீர்கள். கிடைக்காமல் ரப்பர் மரத்துக் கம்பியை அவிழ்த்துக் கட்டி, அறுந்துவிடாதபடி மெல்ல மெல்ல மிதித்து டவுனைச் சேர்வதற்குள் பொழுது போய்விட்டது. கிளிப் தானாகத் தெறிக்காது என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? பெண்டாட்டி கிடக்கும் கிடப்பில் கை நடுங்கியவனிடம் அதைச் சொன்னால் அவன் என்ன ஆவான் என்பதும் தெரிந்திருக்கிறது. நேரத்தோடு வந்திருந்தால் குழந்தை தங்கியிருக்குமா, அது எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரிந்திருக்காது. அந்தச் சந்தேகத்தை எனக்குத் தராமல் நீங்களே வைத்துக்கொண்டீர்கள்.

முப்பது வருடம், தாமதமாக வந்த பிள்ளைகளை வகுப்பு வாசலில் நிறுத்தி "ஏன்?" என்று கேட்டிருக்கிறேன். பதில் சொல்லாமல் தலைகுனிந்து நின்றவர்களைத்தான் அதிகம் கோபித்தேன். இன்று அந்த முகங்கள் ஒவ்வொன்றாக வருகின்றன.

சரசுவிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் வீட்டுக்குத் திரும்பும்போது நினைத்தேன். நீங்களே சொல்லாததை நான் எப்படிச் சொல்வது? ஆனால் அவள் மனதில் இத்தனை காலம் தாமதமாக வந்தவர் நீங்கள் அல்லவா? சொல்லிவிட்டேன். அவள் தண்ணீர்ப் பானையை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு, "அன்னிக்கி மருந்தோட வந்து வாசல்ல நின்னு கொஞ்சம் தண்ணி கேட்டாரு. நான் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டேன். அந்த மனுசன் குடிக்காமலே போனாரு" என்றாள்.

கொஞ்சம் கழித்து அவளே கேட்டாள்: "இப்ப கிளிப்ப யாரு மாட்டுனது?"

"கடைக்காரத் தம்பி."

"கழட்டிட்டு நீங்களே மாட்டுங்க. நான் பாக்குறேன்."

விளக்கை அவள் பிடித்துக்கொண்டாள். கழற்றினேன். தலை எந்தப் பக்கம் என்று இரண்டு முறை பார்த்தேன். முன்பக்கம் பார்க்க வைத்து அழுத்தினேன். அதே 'டக்'. கை நடுங்கவில்லை, டிரசர்.

துடைக்கிறது என்னுடைய வேலை என்றீர்கள். பூட்டுவதையும் இன்றோடு என்னிடம் விட்டுவிடுங்கள்.